ஐந்தேகால் அடிக் கட்டில்

அவரை இன்ஜினியர் என்று கூப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர் யாரும் கிடையாது. இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று திருத்துவார். திருத்தியதோடு விட்டாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நின்ற இடத்திலேயே விளக்க ஆரம்பித்துவிடுவார். கட்டிடம் விழாமல் பார்த்துக்கொள்பவன் இன்ஜினியராம். அதற்குள் மனிதன் மனிதனாக வாழும்படி பார்த்துக்கொள்பவன் ஆர்க்கிடெக்டாம். தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்க வந்தவர்கூட இந்தப் பாடத்தைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

அலுவலகம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. கறுப்பு மேசை, கறுப்பு நாற்காலி, அவர் உடம்பில் காலர் இல்லாத கறுப்புச் சட்டை. சுவரில் ஒரே ஒரு படம், அதுவும் ஏதோ ஒரு கதவின் கைப்பிடி. ஜன்னலோரமாக வெள்ளை அட்டையில் செய்த மாதிரி வீடுகள் தூசி படிந்து வரிசையாக நின்றன. அவற்றில் கட்டப்பட்டவை குறைவு. இருபத்தாறு வருடத்தில் பதினொரு வீடுகளும் ஒரு பல் மருத்துவமனையும்தான் அவர் கணக்கு. பல் மருத்துவமனைக்கு விருதுகூடக் கிடைத்தது. விருது வந்த மறு வருடமே, நோயாளிகள் வெயிலில் நிற்கிறார்கள் என்று பல் டாக்டர் முகப்பில் தகரக் கூரை போட்டுவிட்டார். அன்றிலிருந்து நம்மவர் பல்வலி வந்தால் வேறு டாக்டரிடம்தான் போவார்.

அவருக்குக் கல்லூரியில் வைத்த பட்டப்பெயர் ஸ்கேல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். சொந்தக்காரர்களில் யாராவது புதிதாக அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டு, ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினால் போதும், அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். அவர்கள் திரைச்சீலையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இவர் குனிந்து சுவரோரம் டேப்பை இழுத்துவிடுவார். பத்தடி என்று சொன்ன அறை ஒன்பதேமுக்கால்தான் இருக்கிறது, பூச்சையும் சேர்த்து அளந்து விற்றிருக்கிறான் என்பார். அந்த வீட்டுக்காரியின் முகம் போகும் போக்கைப் பார்க்க ஒரு நாளும் அவருக்குக் கண் இருந்ததில்லை. கையில் கொடுத்த டீயை ஊதிக் குடித்தபடி அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

பில்டர்கள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. தீப்பெட்டி அடுக்குகிறவர்கள் என்பார். அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் பளபளப்பான பிரவுச்சரை விரித்து, அதில் வரைந்திருக்கும் கட்டிலின் மேல் அளவுகோலை வைப்பார். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிலையும் சோபாவையும் சின்னதாக வரைவது அந்தத் தொழிலின் பழைய வித்தை. அதைக் கண்டுபிடித்து உடைப்பதில் அவருக்கு ஒரு பரமானந்தம்.

"இந்தக் கட்டில் எவ்வளவு தெரியுமா? அஞ்சேகால் அடி. இதுல படுக்கணும்னா ஆளை வெட்டித்தான் படுக்க வைக்கணும். செருப்புக்காகக் காலை வெட்டுற கூட்டம் இது."

இந்த வசனத்தை அவர் பெரியம்மா மகன் வீட்டில் சொன்னார், மனைவியின் தோழி வீட்டில் சொன்னார், ஒரு கல்லூரியில் மேடை போட்டுக்கூடச் சொன்னார். மாணவர்கள் கை தட்டினார்கள். மனைவி மட்டும் எங்கேயும் தட்டவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீடு ஓடியது அவள் சம்பளத்தில். தோழி வீட்டிலிருந்து திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அவங்க வீட்டை அவங்க சந்தோஷமாப் பாத்துட்டு இருந்தாங்க. நீங்க போய் அளந்துட்டு வந்துட்டீங்க." அவருக்கு இது புரியவில்லை. அளவு சரியாக இல்லாத வீட்டில் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று உண்மையாகவே யோசித்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஐம்பதாவது வயதில் கம்பிக்கடைக்காரர் வந்து வாய்த்தார்.

கம்பிக்கடைக்காரர் கட்டிடங்களுக்கு இரும்புக் கம்பி விற்று முன்னுக்கு வந்தவர். பெரிய உடம்பு, சின்னக் கண். பஸ் டிப்போவுக்குப் பின்னால் அவருக்கு ஒரு காலி மனை கிடந்தது. பிளான் போட்டுத் தரச் சொல்லி வந்தவர், கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்து அது தாங்குமா என்று அசைத்துப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். தனக்கு இடம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, ஆள் இருக்கிறது. சாருக்கு மூளை இருக்கிறது, நல்ல பேர் இருக்கிறது. சார் வரைவதோடு நிற்காமல் பங்காளியாகவே வந்துவிட்டால் என்ன? நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு, கட்டி விற்கலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார் நம்மவர். யோசிப்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாரமும் அவர் யோசித்ததெல்லாம், இதை மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான். சம்மதம் முதல் நாளே மனதுக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எட்டாம் நாள் வாசகம் கிடைத்தது: நல்லவன் ஒருவன் உள்ளே போனால்தான் இந்தத் தொழில் திருந்தும். உலகத்தில் எந்தச் சேற்றில் இறங்கியவனும் கரையில் நின்று சொன்ன வாக்கியம் இது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. மனைவியிடம் சொன்னார். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே, "எதுவா இருந்தாலும் சரி, அதுல உங்க அக்காவுக்கு ஒரு வீடு மட்டும் நல்லபடியாக் கட்டிக் குடுத்துடுங்க" என்றாள்.

அக்கா கதை இதுதான். அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அவர் படித்த ஐந்து வருடமும் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தார். அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஆறடி ஒரு அங்குல உயரம். அந்த உடம்பை மடித்து, முழங்கால் மார்பில் முட்ட, கிரேன் உச்சியில் ஒரு கூண்டுக்குள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மச்சினனின் டிராயிங் போர்டு விரிந்து கிடக்கும். அதை எடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சுவரோரம் ஒதுங்கி, அங்கேயும் காலை மடக்கித்தான் படுப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே ஆடம்பரம், தச்சரிடம் சொல்லி அடித்த ஏழடிக் கட்டில். "முப்பது வருஷம் மடக்கியாச்சு. இனிமே நீட்டித்தான் படுப்பேன்" என்று அக்காவிடம் சொன்னாராம்.

நீட்டிப் படுத்தது மூன்று வருடம். பிறகு ஒரு நாள் காலையில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது கையும் காலும் வரவில்லை, பேச்சு பாதியாகப் போயிற்று. அவர்கள் வீட்டு வாசலில் ஐந்து படி; கழிப்பறை கொல்லைப்புறத்தில். அக்கா அறுபது வயதில் அந்த உடம்பைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்து போனாள். அதனால்தான் தம்பி கட்டப்போகும் அடுக்குமாடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும் என்று வந்தாள். அதுவரை தம்பியிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

"எனக்கு ஹால், சமையல்கட்டு எல்லாம் எப்படி இருந்தாலும் சரி தம்பி. அவர் படுக்கிற ரூம்ல கட்டிலைச் சுத்தி வண்டி வரணும். அவ்வளவுதான்."

வண்டி என்றது சக்கர நாற்காலியை. ஒரு பக்கம் இறக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு பக்கம் ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தெருவைப் பார்ப்பது ஒன்றுதான் இப்போது அத்தானுக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு.

நம்மவர் மஞ்சள் டிரேசிங் பேப்பரை விரித்து அக்காவின் எதிரிலேயே வரைந்தார். அறை நீளம் பதினோரு அடி. ஏழடிக் கட்டில். கால்மாட்டில் நான்கடி இடம். வண்டி திரும்புவதற்கு ஒரு வட்டம்கூடப் போட்டுக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, கை அழகாகத்தான் வரைந்தது. மத்தவன் கட்டுகிற வீடு மாதிரி நினைத்தாயா அக்கா என்று கேட்டார். அவள் அந்தப் பேப்பரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த இரண்டு மாதத்தில் ஐந்து படி வைத்த வீடு கைமாறியது. அவர்கள் ஒரு வாடகை அறைக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போது கம்பிக்கடைக்காரர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாடிக்கு நாலுக்குப் பதிலாக ஐந்து வீடு வராதா என்று கேட்டார். நம்மவருக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், வராது என்று நிரூபிப்பதற்காக மேசையில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. இந்தச் சுவரை இங்கே நகர்த்தி, அந்த நடையை அப்படி ஒடுக்கி, அறைகளில் தலைக்கு இரண்டரை அடி உருவினால் ஐந்தாவது வீடு ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடப் படிப்பும் விருதும் அனுபவமும் அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டன. சாதாரணத் தீப்பெட்டிக்காரனால் இதைச் செய்திருக்க முடியாது என்று அவருக்கே பெருமையாக இருந்தது. கணக்குப் போட்டு விடை வந்த பையன் மாதிரி போனை எடுத்துக் கம்பிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

பதினோரு அடி, எட்டரை அடி ஆயிற்று. அக்காவின் அறையும் சேர்த்துத்தான்.

அதைக் கவனித்துக் கேட்டவர், நம்ப முடிகிறதா, கம்பிக்கடைக்காரர். மனிதர் பேராசைக்காரர்தான், ஆனால் அதை ஒளித்து வைக்கத் தெரியாத பேராசை. கட்டிலைச் சுற்றி வண்டி வர வேண்டும் என்று அக்கா சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"தரைத்தளத்துல உங்க அக்கா வீட்டை மட்டும் பழைய மாதிரியே விட்டுடலாமே சார். கீழ ஒரு வீடு குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இந்த இடத்தில்தான் நம்மவரின் மேதாவிலாசம் முழுசாக வெளிப்பட்டது. முடியாது என்றார். கீழே ஒரு அறையை நீட்டினால் அதன் ஜன்னல் இரண்டரை அடி தள்ளிப் போகும். தெருவிலிருந்து பார்த்தால் மேலேயிருந்து கீழே வரும் ஜன்னல் வரிசை உடைந்துவிடும். முகப்பின் எலிவேஷனே கெட்டுவிடும்.

கம்பிக்கடைக்காரர் பிளானைச் சுருட்டி மேசையில் வைத்தார். பிறகு, "நீங்க படிச்சவங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அது பாராட்டு என்றே நம்மவர் எடுத்துக்கொண்டார்.

அக்காவிடம் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தது. சுவர் எழும்பட்டும் என்றார். சுவர் எழும்பிற்று. பூச்சு முடியட்டும் என்றார். பூச்சும் முடிந்தது. அதற்குள் விற்பனை தொடங்கிவிட்டதால் அந்த எண்ணத்துக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை.

எட்டரை அடி அறையைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். முதல் மாதம் ஒரு வீடு விற்றது. கம்பிக்கடைக்காரர் தினமும் வந்து வாசலில் நின்றார். நம்மவர் முதல் மாடியில் ஒரு வீட்டைச் சாம்பிள் வீடாக அலங்கரிக்க முடிவு செய்தார். இருபது வருடமாகத் தன்னிடம் வேலை செய்யும் தச்சரைக் கூப்பிட்டு, ஒரு துண்டுத் தாளில் அளவு எழுதிக் கொடுத்தார். தச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுதியதில் ஏதோ தப்பு நேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்ததில் நியாயம் உண்டு. இதே வாயிலிருந்து அந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பார்!

"கட்டில் அஞ்சேகால் அடின்னு போட்டிருக்கீங்களே சார். இதுல யார் படுக்கப் போறாங்க?"

"யாரும் படுக்கப் போறதில்ல. பார்க்கத்தான் போறாங்க. செய்ங்க."

தச்சர் செய்தார். கட்டில் மட்டுமல்ல, குட்டை சோபா, மெலிந்த அலமாரி, இரண்டு தட்டு வைத்தால் நிறைந்துவிடும் சாப்பாட்டு மேசை. கதவுகளை எல்லாம் கழற்றி மொட்டை மாடியில் அடுக்கினார்கள். கதவு திறந்து மூடினால்தானே இடம் எவ்வளவு என்று தெரியும்? எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கட்டிலின் மேல் வெள்ளை விரிப்பு, நாலு தலையணை, சின்னதாக ஒரு அறிவிப்பு: தயவுசெய்து கட்டிலில் படுக்க வேண்டாம். பிரவுச்சரிலும் அதே கட்டிலை அவரே தன் கையால் வரைந்தார்.

அதன் பிறகு விற்பனை சூடு பிடித்தது. வந்தவர்கள், அடடா, கட்டில் போட்டும் இவ்வளவு இடம் இருக்கிறதே என்று வாயைப் பிளந்தார்கள். ஒரு பெண்மணி கட்டிலின் ஓரத்தில் ஆசையாக உட்கார்ந்தாள். அவர் புன்னகையோடு அறிவிப்பைக் காட்டினார். மாடி மாடியாக வீடுகள் போயின. ஒரு நாள் யாரோ போனில், பில்டர் சாரா என்று கேட்டார்கள். ஆமாம், சொல்லுங்க என்றார். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் மனைவி மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அக்கா ஒரு மத்தியானம் சாம்பிள் வீட்டைப் பார்க்க வந்தாள். அத்தானைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருந்தாள். கூடத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். படுக்கையறையில் நுழைந்ததும் நின்றாள். கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள், கண்ணுக்குத் தெரியாத வண்டியைத் தள்ளுகிறவள் மாதிரி இரண்டு கையையும் முன்னால் பிடித்துக்கொண்டு. நடந்து முடித்துவிட்டு, "கட்டில் கொஞ்சம் குட்டையாத் தெரியுதே தம்பி" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் சொல்லியிருக்கலாம். இதுதான் உன் அறை, எட்டரை அடிதான், உன் கட்டில் போட்டால் வண்டி சுற்றாது என்று மூன்று வாக்கியம். தரைத்தளத்தில் அவளுடைய அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்தது பாரம் தாங்காத வெறும் அடைப்புச் சுவர்தான். அந்தப் பக்கத்து வீடு அன்றைக்கு இன்னும் விற்கவில்லை. சுவரை இடித்து நகர்த்த ஒரு வாரம் போதும். ஜன்னலை நகர்த்தக்கூட வேண்டியதில்லை. வரிசை மாறாமல் சுவரை மட்டும் தள்ளியிருக்கலாம். அவருக்கு அது தெரியும். ஆனால் தப்பாக வரைந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு, ஊரார் வீட்டை அளந்து சொன்ன அந்த நாக்கு, மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"பார்வைக்கு அப்படித் தெரியும் அக்கா. வெள்ளை விரிப்பு போட்டிருக்கு இல்ல, அதான்."

"அதுவும் சரிதான். நீ வரைஞ்ச பேப்பர்தான் என்கிட்ட இருக்கே" என்றாள் அவள், கைப்பையைத் தட்டி. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் பக்கத்து வீடும் விற்றுவிட்டது.

அக்கா குடிவந்த அன்று அவருக்கு வேறு ஊரில் ஒரு மீட்டிங் இருந்தது. இல்லாத மீட்டிங்கை உண்டாக்கிக்கொண்டு, ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. எப்படியோ பொருந்திவிட்டது போலிருக்கிறது என்று மெல்ல மெல்லத் தன்னைத் தானே நம்ப வைத்தார். அளவுகளுக்குத் தாமாக நீளும் குணம் உண்டு என்று இருபத்தாறு வருட அனுபவத்தில் கண்டுபிடித்தார் போலும். டிப்போவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனை பார்க்கக் கம்பிக்கடைக்காரரோடு போய்வந்தார். அங்கே மாடிக்கு ஆறு வரும் என்று அவரே முதலில் சொன்னார்.

மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். வந்து செருப்பைக் கழற்றியவள், உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை போனார். போகும் வழியெல்லாம் சாக்குகளைக் கோத்துக்கொண்டே போனார். கட்டிட அனுமதி கொடுக்கும் ஆபீசில் திருத்தச் சொல்லிவிட்டார்கள். கொத்தனார் நூல் பிடித்ததில் கொஞ்சம் தவறிவிட்டது. கம்பிக்கடைக்காரர் பேச்சைத் தட்ட முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தையே கோணலாக்கியவருக்குச் சாக்குக்கா பஞ்சம்? கட்டிடத்தின் எதிரே நின்று அண்ணாந்து பார்த்தார். ஜன்னல்கள் ஒரே நேர்கோட்டில்தான் இருந்தன. ஆனால் ஒரு ஜன்னலில் ஈர வேட்டி தொங்கியது, ஒன்றில் பழைய பாய் காய்ந்தது, ஒன்றில் ஏசிப் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. நேர்கோட்டைப் பார்க்க அந்தத் தெருவில் அவரைத் தவிர ஆள் இல்லை.

மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்குப் பின்னால், ஏழடிக் கட்டில் செங்குத்தாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். வா தம்பி என்றாள், உட்காரச் சொன்னாள், டீ வைக்க உள்ளே போகப் பார்த்தாள். அவர் உட்காரவில்லை. படுக்கையறை வாசலில் போய் நின்றார்.

அத்தான் அந்த ஐந்தேகால் அடிக் கட்டிலில் படுத்திருந்தார். சாம்பிள் வீட்டைப் பிரித்தபோது தச்சரிடம் கேட்டு அக்கா வாங்கிக்கொண்டாளாம். தச்சர் காசு வேண்டாமென்று சொல்லி, கட்டில் கால்கள் ஆடாமலிருக்க இரண்டு சட்டம் கூடுதலாக அடித்தும் கொடுத்தாராம். ஆறடி உடம்பு அதில் ஒருக்களித்து, முழங்கால் மார்பில் முட்ட, மடிந்து கிடந்தது. கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த அதே மடிப்பு. கட்டிலைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தது. பிரவுச்சரில் வரைந்த மாதிரியே இருந்தது.

"வந்த அன்னிக்கே அவர் கட்டிலைப் போட்டுப் பாத்தோம்" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "கதவு திறக்கல. கடையில விக்கிற கட்டில் ஒண்ணு கொண்டு வந்து பாத்தோம். கதவைக்கூடக் கழட்டிடலாம், ஆனா கால்மாட்டுல வண்டி ரெண்டு அங்குலத்துல மாட்டிக்குது. சுவரோரம் தள்ளிப் போட்டா என்னால அந்தப் பக்கம் நின்னு அவரைப் புரட்ட முடியல. இதுதான் பொருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

கேட்டுவிட்டார். இதைக் கேட்கவும் அவருக்கு வாய் வந்தது. அக்கா துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கோபம் ஏதாவது இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தார். இருந்திருந்தால் சாக்கில் ஒன்றை எடுத்து நீட்டியிருப்பார்.

"உன்கிட்ட என்னத்த சொல்றது? உன் அளவு தப்பாவா இருக்கும்? அத்தான்தான் கொஞ்சம் நீளமாப் போயிட்டார்."

பையில் டேப் கனத்தது. அத்தான் கண்ணைத் திறந்து மச்சினனைப் பார்த்தார். கோணிய வாயில் சிரிப்பு வந்தது. வலது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் காட்டி, "கெட்டியா... இருக்குடா" என்றார். பிறகு கையைக் கீழே கொண்டுபோய்த் தன் முழங்காலைத் தொட்டார். "கொஞ்சம்... நீட்டி விடு."

அவர் கால்மாட்டில் போய்க் குனிந்து இரண்டு கால்களையும் பிடித்து மெதுவாக இழுத்தார். முழங்கால் விறைத்திருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தது. கால்கள் கட்டிலைத் தாண்டி வெளியே வந்தன. அடியில் தாங்க எதுவும் இல்லாததால் அவர் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே நின்றார். அத்தான் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவ்வளவு சுகமான மூச்சை அவர் யாரிடமும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. கை மரத்துப்போனது. விட்டுவிட மனம் வரவில்லை.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்குக் கொண்டுபோகிற நேரம் அது. கால்மாட்டில் தம்பி நிற்பதையும், அவன் கையில் கால்கள் நீண்டிருப்பதையும் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாள்.

"போதும் தம்பி, மடக்கிடு. வண்டி வரணும்."

அவர் தன் கையாலேயே மடக்கினார்.